மனநோய் சிகிச்சையும் சிறுவயதுக் காயமும்: கோலாலம்பூரில் எதை முதலில் செய்வது, எதை அப்புறம்

நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவள். தூக்கமே இல்லாமல் காதில் குரல் கேட்டுக்கொண்டிருந்த நாளில், சின்ன வயதில் எனக்கு நடந்ததைத் தோண்டி எடுத்துக் கொட்டிவிட்டால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நம்பி, காசு கொடுத்து ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாரா வாரம் அழுதேன். மாத்திரை வேண்டாம் என்றார் அவர். எனக்கும் அதைக் கேட்கத்தான் பிடித்திருந்தது. நான்காம் மாதம் வார்டில் கிடந்தேன். அடுத்த மூன்று வருடத்தில் வேலை போனது, சேமிப்பு கரைந்தது, தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட என்னால் போக முடியவில்லை.

எனக்கு இருப்பது இருமுனைக் கோளாறு, அதாவது மனம் சில காலம் அளவு மீறி எகிறும், சில காலம் ஒரேயடியாகச் சோர்ந்துபோகும். அதோடு சிறுவயதில் வீட்டுக்குள் நடந்த வன்கொடுமையால் வந்த பிடிஎஸ்டி, அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் தொடரும் மனநோய். உங்களுடையது மனச்சிதைவாகவோ கடும் மனச்சோர்வாகவோ இருக்கலாம், ஆனால் அலைச்சல் ஏறக்குறைய ஒன்றுதான். நான் டாக்டர் இல்லை. எந்தக் கவுண்டரில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், அதைத்தான் எழுதுகிறேன். நான் இருப்பது செந்தூல், அதனால் கோலாலம்பூர்க் கணக்கில்தான் எழுத வரும். பினாங்குக்காரர்களுக்கு மாறுகிற இடத்தை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

1. உயிருக்கு ஆபத்து என்றால் வரிசையெல்லாம் அப்புறம்

செத்துவிடலாம் என்ற நினைப்பு முற்றி எப்போது, எப்படி என்கிற அளவுக்கு வந்துவிட்டது, அல்லது குரல் உங்களையோ அடுத்தவரையோ ஏதாவது செய்யச் சொல்கிறது என்றால் அப்பாயின்மெண்டும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். கோலாலம்பூர் மருத்துவமனை, லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், சிராஸில் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை ஆகிய மூன்றிலும் மனநலப் பிரிவு உண்டு. பினாங்குத் தீவில் என்றால் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனை. போக வண்டியில்லை, கூட ஆளில்லை என்றால் 999.

பதிவுக் கவுண்டரில் "தலை வலிக்கிறது, தூக்கமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஓர் ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் சொல்லி, நாலு மணி நேரம் உட்கார்ந்து, வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்கே திரும்பினேன். வாய்க்கு வராவிட்டால் தாளில் எழுதி நீட்டுங்கள். மலாயில் ஒரே வரி போதும்: "Saya rasa nak bunuh diri" (சாயா ராசா நாக் புனுஹ் டிரி), தற்கொலை செய்துகொள்ளத் தோன்றுகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்தால் உங்களைத் தனியாக உட்கார வைக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயத்தால் யாரும் வீட்டிலேயே கிடக்க வேண்டாம்.

ராத்திரியில் யாரிடமாவது பேசினால் போதும் என்கிற அளவில் இருந்தால், பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 24 மணி நேரமும் எடுப்பார்கள்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555. தமிழ் பேசுகிறவர் எல்லா நேரமும் கிடைப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் வாக்கியத்திலேயே தமிழ் வேண்டும் என்று கேளுங்கள், இல்லையென்றால் உடைந்த மலாயில் பேசுங்கள், யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

2. அவசரமில்லை என்றால் ஒரு ரிங்கிட் கிளினிக்கில் ஆரம்பியுங்கள்

நேராக மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், கடிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய கதை என்னிடம் மட்டும் இல்லை. முதலில் உங்கள் வட்டாரத்து கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட். ஐசி (அடையாள அட்டை) மட்டும் போதும். மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்தால் காத்திருக்கும் நேரம் குறையும், செய்யாமலும் போகலாம், அப்படிப் போவதென்றால் காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கே ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்கிற மாதிரிக் கேள்விகள். நம் ஆட்கள் இதில் செய்கிற தப்பு, மரியாதைக்காக எல்லாவற்றையும் குறைத்துப் போடுவது. நான் முதல் தடவை "சில நாள்" என்றே வரிசையாகக் கட்டம் போட்டேன். ஓய்வெடுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அது அவர்கள் தப்பில்லை.

நீங்கள் அங்கிருந்து வாங்கி வர வேண்டியது ‘சூராட் ருஜுக்கான்’ என்கிற பரிந்துரைக் கடிதம். அரசு கிளினிக் கடிதத்தோடு போனால் சுகாதார அமைச்சு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கும் முதல் வருகைக்குக் கட்டணமில்லை, தனியார் கிளினிக் கடிதம் என்றால் 30 ரிங்கிட், அதற்கப்புறம் ஒவ்வொரு வருகைக்கும் 5 ரிங்கிட். பல்கலைக்கழக மருத்துவமனைகளில் கட்டணம் வேறு, கொஞ்சம் கூடுதல். குடியுரிமை இல்லாதவர்களுக்கு எல்லாமே பல மடங்கு, பாஸ்போர்ட் கட்டாயம், போகும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும் இரண்டு நகல் எடுங்கள். அசலை மருத்துவமனை வாங்கி வைத்துக்கொள்ளும். எனக்கு முதல் தேதி ஏழு வாரம் தள்ளிக் கிடைத்தது. இடையில் மோசமானால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுதான், கையில் அந்த நகல்.

கடிதம், காத்திருப்பு எதுவும் ஒத்துவராதவர்களுக்கு மெந்தாரி என்று அரசு சமூக மனநல மையங்கள் இருக்கின்றன, முன்பதிவு இல்லாமலும் போகலாம். மருத்துவமனைச் சூழல் இல்லாமல் சாதாரணக் கட்டடத்தில் இருப்பதால், ‘அங்கே போனதை யாராவது பார்த்துவிட்டால்’ என்கிற பயமும் குறைவு. கோலாலம்பூர், சிலாங்கூர், பினாங்கு எல்லா இடத்திலும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று கிளினிக்கிலேயே கேளுங்கள்.

3. முதல் சந்திப்புக்கு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்

டாக்டருக்கு உங்களோடு இருக்கிற நேரம் கொஞ்சம்தான். பேச ஆரம்பித்தால் நமக்கு அழுகை வரும், அழுது முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் ஒரு பக்கத்தில், ஒரே பக்கத்தில், இதையெல்லாம் எழுதுங்கள்: கடந்த ஒரு மாதம் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், காதில் குரலோ கண்ணில் உருவமோ உண்டா, எந்த வயதில் முதலில் வந்தது, தூங்காமலே சோர்வில்லாமல் ஓடிய நாட்கள் உண்டா, அந்த நாட்களில் பணத்தை வாரி இறைத்தீர்களா, குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, இப்போது வாயில் போகிற எல்லாம், நாட்டு மருந்து, குடி, கஞ்சா உட்பட.

தூங்காமல் ஓடிய நாட்களை நான் சொல்லவே இல்லை. அவை எனக்கு நல்ல நாட்களாகத்தான் தெரிந்தன. அதனால் வெறும் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டு அதற்கான மாத்திரை மட்டும் கொடுத்தார்கள், இருமுனைக் கோளாறு இருப்பவர்களில் சிலருக்கு அது மட்டும் தனியாகப் போனால் ஆளை மறுபக்கம் தூக்கிவிடும், எனக்குத் தூக்கிவிட்டது. மூன்று நாள் விழித்திருந்து வீட்டுச் சாமான்களையெல்லாம் துடைத்து அடுக்கிவிட்டு, பத்துமலைக்கு நடந்தே போகிறேன் என்று செந்தூலிலிருந்து கிளம்பியவள் நான்.

சிறுவயதுக் காயத்தைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி, ஒரே வரி. "எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை வீட்டில் வன்கொடுமை நடந்தது, விவரம் இப்போது பேச விருப்பமில்லை." அவ்வளவு போதும். டாக்டர் அதைக் கோப்பில் எழுதிக்கொள்வார், மருந்து முடிவு செய்யவும் அது உதவும். முழுக் கதையையும் முதல் நாளே பயிற்சி டாக்டர் மூன்று பேர் முன்னால் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, "விவரம் அடுத்த தடவை" என்று சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே ஆள் இப்போதும் வேறு பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளைக் காக்க மருத்துவருக்குச் சட்டப்படி கடமை இருக்கிறது.

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. மொழி வராது என்று வீட்டு ஆளை மொழிபெயர்க்க வைப்பார்கள். என் அம்மா மொழிபெயர்த்தார். நான் ஐந்து நிமிடம் பேசியதை அம்மா மலாயில் "தூக்கமில்லை டாக்டர், அவ்வளவுதான்" என்று முடித்தார். அம்மாவைக் குறை சொல்லவில்லை, அவர் காப்பாற்ற நினைத்தது குடும்பப் பெயரை. தமிழ் தெரிந்த டாக்டரோ மிஸ்ஸியோ (நர்ஸ்) இருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள், நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் யாராவது ஒருவர் இருப்பார். கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியில் உட்காரச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. "டாக்டர், நான் தனியாகப் பேச வேண்டும்" என்று நீங்கள் சொன்னால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

4. மருந்து: பொறுமை, ரத்தப் பரிசோதனை, விரதம்

பெரும்பாலான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், பக்க விளைவு மட்டும் முதல் நாளே வந்துவிடும். இந்த இடைவெளியில்தான் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். வாய் வறட்சி, மந்தம், உடம்பு ஏறுவது எல்லாம் நிஜம், நான் ஒலான்சபினில் ஏழு மாதத்தில் பதினோரு கிலோ ஏறினேன். நிறுத்தாமல், அடுத்த தேதிக்கு முன்னாலேயே போய் மருந்தை மாற்றித் தரக் கேளுங்கள். எனக்கு மூன்றாவது மருந்துதான் ஒத்துவந்தது.

ரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாகக் காட்டும். குளோசாபின் என்றால் முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம், வேலைக்குப் போகிறவர்கள் முதலாளியிடம் முன்கூட்டியே பேச வேண்டிய விஷயம் இது. லாமோட்ரிஜின் ஆரம்பித்த பிறகு தோலில் தடிப்பு வந்தால் அடுத்த அப்பாயின்மெண்ட் வரை பொறுக்க வேண்டாம், அன்றே போங்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு வால்ப்ரோயேட் எழுதினால் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்காமல் வாங்கி வராதீர்கள்.

தைப்பூச விரதம் இருக்கிறவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். லித்தியம் சாப்பிடும்போது உடம்பில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும். தண்ணீர் குறைத்து, உப்பு குறைத்து, வெயிலில் பத்துமலையின் 272 படி ஏறுவது சாதாரண ஆளுக்கே சிரமம். கை நடுக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் வந்தால் அது அருள் வந்தது என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள், நீங்கள் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கால்வலிக்கு கடையில் வாங்கும் இபுபுரூஃபன் மாதிரி மாத்திரையும் லித்தியத்தோடு ஆகாது. நான் இப்போது பால்குடம் மட்டும் எடுக்கிறேன், தண்ணீர் குடித்துக்கொண்டே. முருகன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

கயிறு கட்டுவது, விபூதி போடுவது பற்றி எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் செய்வினை எடுக்கிறேன் என்று ஒருவர் எங்கள் வீட்டில் 3,000 ரிங்கிட் வாங்கினார், அம்மா சங்கிலியை அடகுக் கடையில் வைத்துக் கொடுத்தார். அந்தப் பணத்தில் அரசு மருத்துவமனைக்கு 600 தடவை போய் வந்திருக்கலாம். மாத்திரையை நிறுத்தினால்தான் பூஜை பலிக்கும் என்று யாராவது சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மருந்து வாங்கும் வரிசையில் நிற்காமல் இருக்க ஒரு வழி உண்டு. மருந்துக் கவுண்டரில் எஸ்பியுபி வேண்டும் என்று கேட்டால், மீதி மாதங்களுக்கான மருந்தை உங்கள் வீட்டுப் பக்கத்து அரசு கிளினிக்கில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்து தருவார்கள். சில மருத்துவமனைகள் தபாலிலும் அனுப்புகின்றன. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

5. வார்டில் சேர்க்கச் சொன்னால்

நம் வீடுகளில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே வசவு. அங்கே இருப்பது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை, 1911-இல் இருந்து இயங்குகிறது. ஆனால் கோலாலம்பூரில் வார்டில் சேரச் சொன்னால் பெரும்பாலும் இங்கேயே உள்ள பொது மருத்துவமனை மனநல வார்டுதான், உங்களைப் பேராக்குக்கு ஏற்றி அனுப்பப் போவதாக நினைத்து நடுங்க வேண்டாம்.

நீங்களே சம்மதித்துச் சேரலாம். சம்மதிக்காத நிலையில், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உறவினர் விண்ணப்பம் கொடுத்து, மருத்துவர் பார்த்துப் பரிந்துரைத்தால் சேர்ப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும், தேவைப்பட்டால் ஒரு மாதம் வரை வைத்திருக்கலாம். முடிந்தால் நீங்களே சம்மதித்துப் போங்கள். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது, வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

மூன்றாம் வகுப்பு வார்டு குடிமக்களுக்கு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். கயிறு உள்ள கால்சட்டை, பெல்ட், கண்ணாடிப் பாட்டில், போன் சார்ஜர் எல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பல் துலக்கி, செருப்பு, உள்ளாடை, கொஞ்சம் சில்லறை, முக்கியமான நாலு போன் நம்பர் எழுதிய தாள், இவைதான் வேண்டும். தாலிச் சங்கிலி, மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

வெளியே வரும்போது மூன்றைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள்: டிஸ்சார்ஜ் சுருக்கம், அடுத்த தேதி, வார்டில் இருந்த நாட்களுக்கான எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்). இந்த எம்சியில் மருத்துவமனையில் இருந்ததாகப் போட்டிருக்க வேண்டும், ஏன் என்று ஏழாவதில் சொல்கிறேன்.

6. சிறுவயதுக் காயத்தை எப்போது, யாரிடம் திறப்பது

இந்த இடத்துக்கு வர எனக்கு ஆறு வருடம் ஆனது. உங்களுக்கு ஆறு மாதத்தில் வரலாம். எல்லோருக்கும் நோய் முதலில், காயம் அப்புறம் என்று கல்வெட்டில் எழுதி வைக்கவில்லை, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும், அதை உங்கள் மனநல மருத்துவர் சொல்ல வேண்டும். என் டாக்டர் என்னிடம் கேட்டது மூன்றே கேள்வி. தொடர்ந்து மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்குகிறாயா? சாக வேண்டும் என்று தோன்றினால் யாரைக் கூப்பிடுவாய்? அந்த ஆள் இப்போதும் உன் வீட்டுக்கு வந்து போகிறாரா? மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தேன். முதலில் வீட்டை மாற்று, அப்புறம் பேசலாம் என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி, அடி விழுந்துகொண்டிருக்கும் இடத்தில் நின்றுகொண்டு பழைய தழும்புக்கு மருந்து போட முடியாது. வாடகை அறை தேடிப் போவதற்கே எனக்கு ஐந்து மாதம் ஆனது, அந்த ஐந்து மாதமும் சிகிச்சைக் கணக்கில்தான் சேரும்.

யாரிடம் போவது? மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். பேச்சுச் சிகிச்சைக்கு மருத்துவ உளவியலாளர் அல்லது பதிவு பெற்ற கவுன்சலர். கவுன்சலர்கள் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் போக வேண்டாம். நான் முதலில் போனவரிடம் சுவர் முழுக்கச் சான்றிதழ் தொங்கியது, பதிவு எண் மட்டும் இல்லை.

அதிர்ச்சிக்கென்றே உள்ள சிகிச்சைகள் இருக்கின்றன, அவற்றில் இஎம்டிஆர் (கண்ணை இரு பக்கமும் அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் முறை), அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) இரண்டும் அதிகம் கேள்விப்படுவீர்கள். போன் செய்யும்போதே "சிறுவயது வன்கொடுமை, கூடவே இருமுனைக் கோளாறு, மருந்தில் இருக்கிறேன், இப்படிப்பட்டவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, தமிழில் பேசலாமா" என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்று நேர்மையாகச் சொன்னவர்களிடம் வேறு யாரைப் பார்க்கலாம் என்றும் கேளுங்கள், எனக்கு இப்போதுள்ளவர் அப்படிக் கிடைத்தவர்தான்.

செலவு. அரசு மருத்துவமனையில் உளவியலாளர் உண்டு, உங்கள் மனநல மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும், காத்திருப்பு மாதக்கணக்கில். தனியாரில் நான் விசாரித்த இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு 180 முதல் 350 ரிங்கிட் கேட்டார்கள். நடுவே ஒரு வழி: பல்கலைக்கழகங்களின் பயிற்சி மையங்கள், முதுகலை மாணவர்கள் மேற்பார்வையோடு பார்ப்பார்கள், கட்டணம் மிகக் குறைவு. மலேசிய மனநலச் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். மியாசா என்ற அமைப்பில் நோயோடு வாழ்ந்தவர்களே கூடிப் பேசும் குழுக்கள் உண்டு, எனக்கு அங்கே கிடைத்த பெரிய உதவி, குரல் கேட்கிறது என்று சொன்னபோது யாரும் நாற்காலியைப் பின்னால் நகர்த்தவில்லை.

போகும் நாளை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். பேசிவிட்டு வந்த அன்று ராத்திரி தூக்கம் கெடும், மறுநாள் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். நான் வெள்ளிக்கிழமை மாலை வைத்துக்கொண்டேன், சனிக்கிழமை முழுக்கப் படுத்திருக்க. முதல் பல வாரங்கள் பழைய கதையைத் தொடவே மாட்டார்கள், மூச்சு, தூக்கம், பதற்றம் வந்தால் காலைத் தரையில் ஊன்றுவது என்று சின்னச் சின்ன விஷயமாகப் போகும். காசு வீணாகிறது என்று தோன்றும். ஆகவில்லை. ஆனால் இரண்டாவது நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி அழ வைக்கிறவர், இரண்டு நாள் முகாமில் காயத்தை அழித்துவிடுகிறேன் என்கிறவர், முன்ஜென்மத்துக்குக் கூட்டிப்போகிறவர், செய்தவரை மன்னித்துக் காலில் விழு என்கிறவர், இந்த நால்வரிடமும் நான் காசு கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுக்காதீர்கள்.

போலீசில் புகார் செய்வதா வேண்டாமா என்பது தனி முடிவு, சிகிச்சைக்கு அது நிபந்தனை இல்லை. பினாங்கில் மாற்றத்துக்கான பெண்கள் மையம், இங்கே பெண்கள் உதவி அமைப்பு, இவர்களிடம் முதலில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

7. வேலை, எம்சி, ஓகேயூ கார்டு

வேலைச் சட்டப்படி மருத்துவ விடுப்பு இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் சேர்ந்தால் தனியாக 60 நாள். அதனால்தான் வார்டு எம்சியில் அந்த விவரம் வேண்டும் என்றேன், இல்லையென்றால் சாதாரண எம்சியைத் தின்றுவிடும். எம்சியில் நோயின் பெயர் போட வேண்டியதில்லை. அப்பாயின்மெண்ட் நாளுக்கு எம்சி தராவிட்டாலும் வந்து போன நேரச் சீட்டுத் தருவார்கள், கேட்டால்தான். எனக்கு என்ன நோய் என்று மேலாளரிடம் சொன்னது நான் செய்த அவசரம். ‘மாதம் ஒருமுறை மருத்துவமனை’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

வேலை போய்விட்டவர்கள் மெந்தாரியில் வேலைப் பயிற்றுநரைக் கேளுங்கள். உங்களோடு நேர்முகத்துக்குத் தயார் செய்து, முதலாளியிடமும் பேசுவார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஓகேயூ கார்டில் மனநலம் என்று தனி வகை உண்டு, ஆனால் பொதுவாக இரண்டு வருடமாவது சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும். சமூக நல இலாகாவின் பாரத்தில் மருத்துவர் பகுதியை உங்கள் மனநல மருத்துவர் நிரப்ப வேண்டும். அப்பாயின்மெண்ட் அன்று பாரத்தைக் கொண்டுபோக மறந்தால் இன்னும் மூன்று மாதம், நான் இரண்டு தடவை மறந்தேன். கூட ஐசி நகல், படம். கார்டுக்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனைக் கட்டணம் விலக்கு, ரயில் கட்டணச் சலுகை எல்லாம் உண்டு. வாங்கினால் முத்திரை குத்திவிடுவார்களோ என்று ஒரு வருடம் யோசித்தேன். அது உங்கள் இஷ்டம், கட்டாயமில்லை.

தனியாரில் காசு கொடுத்தவர்கள் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பதிவு பெற்ற மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சலரிடம் செய்த ஆலோசனைச் செலவுக்கு 1,000 ரிங்கிட் வரம்புக்குள் வருமான வரிக் கழிவு உண்டு. மெடிக்கல் கார்டை (மருத்துவக் காப்புறுதி) நம்பிப் போகிறவர்கள் முதலில் விதியைப் படியுங்கள், பல கார்டுகளில் மனநோய் கிடையாது.

8. தீபாவளிக்கு முன்னால் செய்து வைக்க வேண்டியவை

என் இரண்டு பின்னடைவும் பண்டிகைக் காலத்தில்தான் வந்தன. ஒன்று, பலகாரம் சுடுகிறேன் என்று நாலு ராத்திரி விழித்தது. இன்னொன்று, பெரியம்மா வீட்டு விருந்தில் அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. "கால்ல விழுந்து கும்பிடு" என்றார்கள். விழுந்தேன். மூன்றாம் நாள் குரல் திரும்பி வந்தது.

இப்போது நான் செய்வது இது. எனக்கு நோய் திரும்புகிற அடையாளங்களை ஒரு தாளில் எழுதி என் தங்கச்சியிடம் கொடுத்திருக்கிறேன்: இரண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவான தூக்கம், வேகவேகமாகப் பேசுவது, திடீரென்று புடவை வாங்கிக் குவிப்பது, போனை அணைத்து வைப்பது. இதில் இரண்டு வந்தால் என்னைக் கேட்காமலே அவள் என்னை டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று நான் நன்றாக இருக்கும்போதே சொல்லி வைத்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஒரு ஆள் வீட்டில் இல்லையென்றால் வெளியில் தேடுங்கள், எதிர் வீட்டு அக்காவாகக்கூட இருக்கலாம்.

யார் வீட்டுக்குப் போவேன், போக மாட்டேன் என்று அக்டோபரிலேயே தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன், காரணம் கேட்கிறவர்களுக்கு ‘வேலை இருக்கிறது’ போதும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பலகாரம் கிடையாது. அப்புறம், பண்டிகைக்கு முந்தின வாரமே மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள். பொது விடுமுறையில் மருந்துக் கவுண்டர் மூடியிருக்கும், இரண்டு நாள் மாத்திரை குறைந்தால் அதை மூன்றாம் நாள் யாரும் ஈடுகட்ட முடியாது.